ஆனந்தரங்கப் பிள்ளையை முதலில் வணிகராகப் படிக்க வேண்டும்

முத்தியால்பேட்டைக்காரன்:

ஆனந்தரங்கப் பிள்ளை என்றதும் நம் ஊரில் எல்லோரும் நாட்குறிப்பைத்தான் சொல்கிறார்கள். 'புதுச்சேரியின் பிரெஞ்சு குவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகருமானவர்), தினமும் எழுதினார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அந்த மனிதரை எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் சுருக்கிவிட்டோம். அவர் அடிப்படையில் வணிகர். வணிகத்தால் கிடைத்த செல்வாக்கைக் கொண்டு அரசியலுக்குள் போனவர். இந்த வரிசையை மாற்றிப் படித்தால் நாட்குறிப்பில் பாதி புரியாமல் போய்விடும் என்பது என் துணிபு.

அவர் எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதம். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு, துபாஷிப் பதவியில் இல்லை. தலைமைத் துபாஷியாக உறுதியானது 1747இல். நடுவில் இருக்கும் ஆண்டுகளில் எழுதியது முழுக்க ஒரு வியாபாரியின் குறிப்பு. தொடக்கத்திலேயே தம் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார்: காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, கப்பல் போனது, நடந்த புதுமைகள் இவற்றை எழுதப்போகிறேன் என்கிறார். முதல் வாக்கியத்திலேயே கப்பலை வைத்த மனிதர் அவர். கப்பல் வந்தால்தான் வெள்ளி வரும், வெள்ளி வந்தால்தான் தறிக்கு முன்பணம் போகும்.

குடும்பக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளையும் வணிகர். தாய்மாமன் முறையான நயினியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் (வணிகக் கம்பெனியின்) தலைமைத் தரகராக இருந்தார். அந்த உறவில்தான் இந்தக் குடும்பம் இங்கே வந்தது. 1716இல் குவர்னர் ஏபேர் நயினியப்பரைச் சிறையில் அடைத்தார், சொத்துகளைப் பறிமுதல் செய்தார், நடுத்தெருவில் சவுக்கடி கொடுக்கவைத்தார். அடுத்த ஆண்டு அவர் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறி பாரிசு வரை சென்று முறையிட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி, அப்பா வகித்த பதவியில் உட்கார்ந்தார். 1724இல் அவரும் காலமானார்.

இந்த நிகழ்ச்சிகள் நடந்தபோது ரங்கப் பிள்ளை சிறுவன். குவர்னரின் ஒரு முகச்சுளிப்பில் ஒரு பெரிய வணிகக் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பதைச் சொந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். பின்னாளில் துய்ப்ளேக்சின் முகம் எப்படி இருந்தது, எந்தச் சொல்லுக்குச் சிரித்தார், எதற்குச் சினந்தார் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதுவதை முகத்துதி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கண்ணுக்கு அது எச்சரிக்கை. சரக்கின் விலையை எப்படிக் கவனித்தாரோ அப்படித்தான் குவர்னரின் மனநிலையையும் கவனித்தார்.

அரசியலுக்கு முன்பே அவர் தொழிலில் நின்று காட்டியவர். குவர்னர் லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் பொறுப்புக்கு அனுப்பினார். நீலத்துணி கொள்முதல் அங்கே முக்கியமான வேலை. ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வணிகநிலைகள் வைத்து ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார். 'ஆனந்தப்புரவி' என்று சொந்தமாகக் கப்பல் ஓட்டினார். இத்தனைக்கும் பிறகுதான் பல்லக்கும் பட்டமும் வந்தன.

இதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.


தேவனாம்பட்டினம்:

ஐயா, வணிகர் என்பதை ஏற்கிறேன். அரசியல்வாதி என்பதில்தான் எனக்குத் தயக்கம். அரசியல்வாதி என்றால் ஏதோ ஒரு கூட்டத்தின் சார்பில் நிற்க வேண்டும், அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். துபாஷியை வைப்பதும் எடுப்பதும் குவர்னர் கையில். பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் வந்ததே 1880 ஆணைக்குப் பிறகு. அதன் பிறகு மேயர் நாற்காலிக்குப் போட்டியிட்ட வணிகர்களை அரசியல்வாதி என்று அழைக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டுத் துபாஷியை அந்தப் பெயரில் அழைப்பது காலத்தைக் குழப்புவதாகாதா?

கடலூர்க்காரனாக இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் புனித டேவிட் கோட்டையிலும் ஆங்கிலேயருக்குத் துபாஷிகள் இருந்தார்கள், தலைமை வணிகர்கள் இருந்தார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே எங்கள் தேவனாம்பட்டினம்தான். அந்த வணிகர்களில் ஒருவராவது ரங்கப் பிள்ளையைப் போல எழுதிவைத்திருந்தால் வரலாறு இரண்டு கண்ணோடு இருந்திருக்கும். ஆகவே எழுத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவரைத் தனித்துக் காட்டுவதே அந்த எழுத்துதான்.


முத்தியால்பேட்டைக்காரன்:

எழுத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை ஐயா. எழுத்தின் வேர் எங்கே என்று தேடுகிறேன்.

அரசியல் என்ற சொல்லுக்கு வருகிறேன். 1746 பிப்ரவரியில் கனகராய முதலி இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமைத் துபாஷியாக இருந்தவர், கத்தோலிக்கர், உழவர்கரையில் தேவாலயம் கட்டியவர். அவர் கண்ணை மூடியதும் நடந்த போட்டியைப் படித்துப் பாருங்கள். தம்பி சின்ன முதலி ஒருபுறம், அன்னபூரண ஐயன் ஒருபுறம், ரங்கப் பிள்ளை ஒருபுறம். துபாஷி கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பாதிரிமார் நெருக்குகிறார்கள். மதாம் துய்ப்ளேக்ஸ் தமக்கு வேண்டியவரை முன்னே தள்ளுகிறார். அந்த அம்மையார் இந்த ஊரிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார், தமக்கென்று ஒற்றர்களை வைத்திருந்தவர். யார் எவ்வளவு காணிக்கை தருவார் என்ற பேரம் வேறு நடக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் பதவிக்கு ஆசைப்படுவதாகக் காட்டிக்கொள்ளாமலே அந்த வேலைகளையெல்லாம் ரங்கப் பிள்ளை செய்துகொண்டிருக்கிறார். ஓராண்டுக்கு மேல் பொறுமையாக இருந்து பதவியை வாங்குகிறார். இதை அரசியல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கூட்டம் இல்லை என்றீர்கள். இருந்தது. சாதித் தலைவர்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்தார்கள். வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளின் சண்டையானாலும், கடன் வழக்கானாலும், பாகப்பிரிவினையானாலும் அவரிடம்தான் முதலில் வந்தது. நவாபின் தரப்புக்குப் போகும் கடிதத்தில் எந்தச் சொல் இருக்க வேண்டும், யாருக்கு என்ன வரிசை அனுப்ப வேண்டும் என்று யோசனை சொன்னதும் அவர்தான். 1749இல், ஐதராபாத் நிஜாம் பதவிக்கு உரிமை கோரிய முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கான மன்சபும் (படைத் தகுதிப் பட்டமும்) செங்கல்பட்டு ஜாகீரும் (வரி வருவாய் உரிமையும்) கொடுத்தார். குவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் போகும் உரிமை, குவர்னர் முன் பாதரட்சை அணிந்து தங்கப் பூண் போட்ட கைத்தடியோடு நிற்கும் உரிமை, இவையெல்லாம் அன்றைக்கு ஒரு தமிழனுக்கு எளிதில் கிடைக்கக்கூடியவை அல்ல. எதிரே நிற்கும் வெள்ளைக்காரனும் இவரை மதிக்க வேண்டும் என்று ஊருக்கே அறிவிக்கும் அடையாளங்கள் அவை.

வாக்குச்சீட்டு இல்லை. உண்மைதான். வாக்குச்சீட்டுக்கு முன்பும் மக்களுக்கும் ஆட்சிக்கும் நடுவில் யாரோ ஒருவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.


நெசவுத்தெரு மகள்:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். வணிகராகப் படிக்க வேண்டும் என்கிறீர்கள் அண்ணா. சரி, அப்படியே படிப்போம். ஆனால் வணிகர் யாருடைய உழைப்பை விற்றார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பாட்டன் காலம் வரை தறி ஓடியது. ஆகவே முன்பணம் என்ற சொல்லை நான் அவ்வளவு சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். அன்றைய முறை இதுதான். கும்பினி வணிகர்களோடு ஆண்டு ஒப்பந்தம் போடும். இத்தனை கட்டு துணி, இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன விலை என்று. முன்பணத்தை வணிகர் வாங்கி, கீழே இருக்கும் தரகர்கள் வழியாக நெசவாளிக்குக் கொடுப்பார். நெசவாளி அந்தப் பணத்தில்தான் நூல் வாங்க வேண்டும், துணி முடியும்வரை குடும்பமும் அதில்தான் சாப்பிட வேண்டும். பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, நெய்து இறக்கினால் வண்ணாரிடம் வெளுப்புக்குப் போகும். நீலத்துணி என்றால் சாயக்காரர் அவுரித் தொட்டியில் முக்கி முக்கி எடுப்பார். கடைசியில் பண்டகசாலையில் தரம் பிரிப்பார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், தள்ளுபடி. தள்ளுபடியான துணியின் இழப்பு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, தறியில் உட்கார்ந்திருப்பவன் தலையில்தான் விழும். பஞ்சு விலை ஏறினால், அரிசி விலை ஏறினால், மழை பொய்த்தால், பேசிய விலை மட்டும் மாறாது. முன்பணக் கடன் அடுத்த ஆண்டுக்குத் தொடரும்.

நாட்குறிப்பில் நெசவாளர்கள் வருகிறார்கள். கூட்டமாக வருகிறார்கள், முறையிடுகிறார்கள், போகிறார்கள். ஒருவனுடைய வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. எழுதியவர் திண்ணையில் இருந்து பார்க்கிறார்.

நீலத்துணி எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் ஒரு பகுதி ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் நம் துணியும் ஒன்று. நம் ஊரிலேயும் அந்தக் கொடுமை நடந்தது. ஏழைகளை வஞ்சித்துப் பிடித்து, அரியாங்குப்பத்தில் அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தி 1743 குறிப்புகளில் வருகிறது. மொரீசுத் தீவிலும் பூர்போன் (இன்றைய ரெயூனியன்) தீவிலும் இன்று தமிழ்ப் பெயரோடு இருப்பவர்கள் எல்லோரும் பிற்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழி என்று நினைக்கக் கூடாது. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே நம் கரையிலிருந்து ஆட்கள் விலைக்குப் போனார்கள். ரங்கப் பிள்ளை அதை எழுதினார் என்பதற்காக நன்றி சொல்கிறேன். அவர் எழுதிய விதத்தில் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.


முத்தியால்பேட்டைக்காரன்:

அம்மா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். வணிகராகப் படித்தால்தான் இந்தக் கேள்வியே எழும். வெறும் நாட்குறிப்பாளர் என்று வைத்துக்கொண்டால் அவர் சாட்சி, அவ்வளவுதான். வணிகர் என்றால் அவரும் ஒரு தரப்பு.


உழவர்கரை:

வேதபுரீஸ்வரர் கோயில் இடிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? இவ்வளவு செல்வாக்கு உள்ளவர், ஊர்த் தலைவர், பல்லக்கில் போனவர் என்கிறீர்கள். 1748இல் கோயிலை இடித்தபோது அவர் ஏன் தடுக்கவில்லை? என் தாத்தா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஈஸ்வரன் கோயில் தெரு:

இதற்கு நான் பதில் எழுதுகிறேன். அந்தப் பக்கங்களைப் பலமுறை படித்தவன் என்ற உரிமையில்.

பழைய ஈஸ்வரன் கோயில் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. மிஷன் வீதியில், இன்று சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. சேசு சபைப் பாதிரிமாருக்கு அது நெடுநாளாகக் கண்ணை உறுத்தியது. 1746இல் இரவோடிரவாகக் கோயிலுக்குள் அசுத்தத்தைக் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்ற செய்தி நாட்குறிப்பில் இருக்கிறது. அப்போதும் ஊர்ப் பெரியவர்கள் ரங்கப் பிள்ளையிடம்தான் ஓடிவந்தார்கள்.

1748இல் ஆங்கிலத் தளபதி பொஸ்காவன் பெரும் கடற்படையோடு வந்து இறங்கினார். அரியாங்குப்பம் பக்கம் சண்டை. ஊரே முற்றுகைக்குள். அந்த நேரம் பார்த்து, செப்டம்பர் 7ஆம் தேதி, வேலைக்காரர்களையும் மண்வெட்டிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெற்கு மதிலில் தொடங்கினார்கள். செய்தி கேட்டுச் சாதித் தலைவர்களும் கோயில்காரர்களும் ரங்கப் பிள்ளையிடம் வந்தார்கள். அவர் சொன்ன பதில் கசப்பானது. குவர்னரும் ஆலோசனைச் சபையும் முடிவு செய்துவிட்டார்கள், இனித் தடுக்க முடியாது, உற்சவ விக்கிரகங்களையும் பொருள்களையும் காளத்தீஸ்வரன் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நீங்கள் ஒற்றுமையாக இல்லாததால்தான் இந்த நிலை என்றும் இடித்துச் சொன்னார். உள்ளே பாதிரித் தலைவர் பெரிய லிங்கத்தைக் காலால் உதைத்தார், பிறகு அதை உடைத்தார்கள். ஒவ்வொன்றையும் எழுதிவைத்திருக்கிறார். யார் யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். படிக்கும்போது கை நடுங்கும்.

அவர் மனம் கொதித்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. துய்ப்ளேக்சையும் அவர் மனைவியையும் கடுமையாக எழுதுகிறார். ஆனால் குவர்னர் முன் போய் நின்று 'இது கூடாது' என்று தம் பதவியைப் பணயம் வைத்ததாக ஒரு வரியும் இல்லை. என்னைக் கேட்டால், அவரால் முடிந்ததைச் செய்தார் என்றும் சொல்ல மாட்டேன், துரோகம் செய்தார் என்றும் சொல்ல மாட்டேன். பதவிக்கு வந்து ஓராண்டு ஆன மனிதர். எதிரிகள் அதே பதவிக்காகக் காத்திருக்கிறார்கள். நயினியப்பருக்கு நடந்தது நினைவில் இருக்கிறது. அச்சம் அவரைக் கட்டிப்போட்டது.


தேவனாம்பட்டினம்:

நன்றி ஐயா. இந்த இடத்தில் ஒரு கேள்வி. முந்தைய குவர்னர் பிரான்சுவா மர்த்தேன் காலத்திலேயே இதே கோயிலை இடிக்க முயன்றார்கள் அல்லவா? பிறகு ஏபேர் காலத்திலும் பேச்சு எழுந்ததே? அப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் தடுத்திருக்கிறார்கள். எப்படித் தடுத்தார்கள்?


முத்தியால்பேட்டைக்காரன்:

நான் இந்த இழையைத் தொடங்கியதற்கே இந்தக் கேள்விதான் காரணம் என்று சொல்லிவிடலாம்.

அப்போது ஊர்க்காரர்கள் எடுத்த ஆயுதம் ஒன்றே ஒன்று: ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்பது. வணிகர், நெசவாளர், வண்ணார், படகுக்காரர் என்று எல்லோரும் மூட்டை கட்டினார்கள். வாசலைத் திறந்துவிடுங்கள், எங்கள் கோயில் இல்லாத ஊரில் எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். கும்பினிக்கு வயிற்றைக் கலக்கியது. புதுச்சேரியில் பொன் விளையவில்லை, மிளகு விளையவில்லை. இங்கே இருந்தது துணி. துணி செய்யும் கைகள் கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ நடந்துவிட்டால் கோட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கப்பல் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே இறங்கிவந்தார்கள், சமாதானம் பேசினார்கள்.

இப்போது 1748ஐப் பாருங்கள். ஆங்கிலக் கப்பல்கள் கடலில் நிற்கின்றன. பிரான்சிலிருந்து வெள்ளி வரவில்லை. துணி ஏற்றுமதி நின்று கிடக்கிறது. ஊரைச் சுற்றிப் படை. வெளியே போகிறோம் என்று மிரட்டினால் எங்கே போவது? போனாலும் யாருக்கு நட்டம்? வணிகம் நின்றதும் வணிகரின் குரலும் நின்றுவிட்டது. பாதிரிமாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் குண்டு விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் கோயில் மதிலைப் பற்றி யாராவது யோசிப்பார்களா?

ஈஸ்வரன் கோயில் தெரு ஐயா அச்சம் என்றார். அச்சம் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், குவர்னரிடம் பேரம் பேசக் கையில் சரக்கு இல்லை என்பது. நயினியப்பர் காலத்து வணிகர்களுக்கு இருந்த பலம் ரங்கப் பிள்ளைக்குப் பதவியோடு வரவில்லை. பட்டம் உயர உயரப் பலம் குறைந்துகொண்டே போனது என்பதுதான் அவர் வாழ்வில் நான் காணும் துயரம்.


நெசவுத்தெரு மகள்:

அண்ணா, இதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆயுதம் வணிகருடையது என்று எழுதிவிட்டீர்கள். உண்மையில் அது நெசவாளருடையது. ஊரைவிட்டுப் போகும் கூட்டத்தில் தறிக்காரர் இல்லாமல் வணிகர் மட்டும் போயிருந்தால் கும்பினி வேறு வணிகரைக் கூப்பிட்டிருக்கும்.


முத்தியால்பேட்டைக்காரன்:

ஆம். அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.


தேவனாம்பட்டினம்:

அப்படியென்றால் 1749க்குப் பின் நடந்ததற்கும் இதே விளக்கம் பொருந்தும். என் பங்குக்கு எழுதுகிறேன்.

ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் விழுந்தபின் பிரெஞ்சுக்காரருக்கு வில்லியனூர், பாகூர்ச் சீமைகள் வந்தன. 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். அன்று முதல் துய்ப்ளேக்சின் கண் துணிக்கட்டிலிருந்து நிலவரிக்கு மாறியது. கப்பல் ஏற்றுமதியில் காத்திருந்து சம்பாதிப்பதைவிட, கிராமங்களைக் குத்தகைக்கு விட்டுப் படைச் செலவுக்குப் பணம் திரட்டுவது விரைவான வழியாகத் தெரிந்தது. அதற்கு வணிகன் வேண்டாம், வரி வசூலிப்பவன் போதும். பாப்பையப் பிள்ளை மேலே வந்தது அந்த வழியில்தான். மதாமின் ஆதரவு அவருக்கு இருந்தது. ரங்கப் பிள்ளை பெயரளவில் தலைமைத் துபாஷி, காரியம் வேறு கைகளில். அந்த ஆண்டுகளின் குறிப்புகளில் ஒரு சலிப்பு தெரியும். யாரும் என்னைக் கேட்பதில்லை, கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்ற தொனி திரும்பத் திரும்ப வரும்.

1754 அக்டோபரில் துய்ப்ளேக்ஸ் கப்பலேறினார். 1756இல் ரங்கப் பிள்ளையின் பதவியும் போனது. உடம்பும் தளர்ந்துவிட்டது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். ஜூன் மாதம் எங்கள் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். இன்று கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு அருகில் எஞ்சியிருக்கும் சுவர்களைப் பார்ப்பவர்கள், அது ஒரு காலத்தில் சென்னைக்கே மேலதிகாரம் செய்த கோட்டை என்றால் நம்ப மாட்டார்கள். இரண்டே ஆண்டில் அதே வினை புதுச்சேரிக்குத் திரும்பியது. 1760 ஜனவரியில் வந்தவாசித் தோல்வி, பிறகு முற்றுகை. சோறு குறைந்ததும் லாலி ஊர் மக்களில் ஏறத்தாழ 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களை முன்னே விடவில்லை, பிரெஞ்சுக்காரர் உள்ளே விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் புல்லையும் வேரையும் தின்று நாட்களைக் கழித்தார்கள். கடைசியில் ஆங்கிலேயர் வழிவிட்டனர்.

நாட்குறிப்பு 1761 ஜனவரி 12ஆம் தேதியோடு நிற்கிறது. 16ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர் ஊரை இடித்தார்கள்.


உழவர்கரை:

தாத்தாவின் கேள்விக்கு இத்தனை விரிவான பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் வீடு இன்னும் இருக்கிறது அல்லவா? ரங்கப்பிள்ளை வீதியில்?


ஈஸ்வரன் கோயில் தெரு:

இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். கீழ்த்தளம் நம் வீட்டு அமைப்பு: நடுமுற்றம், சுற்றிலும் செதுக்கிய மரத்தூண்கள், தாழ்வாரம். மேல்தளத்துக்கு ஏறினால் சுண்ணாம்புக் காரை பூசிய உருண்டைத் தூண்கள், பிரெஞ்சுப் பாணி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. அந்த முற்றத்தில் நின்றால் இந்த இழையில் பேசியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தம்பி. எந்தக் கூட்டம் எங்கே நின்றிருக்கும், கணக்கர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள், வெள்ளைக்காரத் துரை வந்தால் எந்தப் படியில் மேலே ஏறியிருப்பார் என்று.

வீதியின் நெரிசலில் கவனிக்காமல் கடந்துபோகிறோம். மேல்நாட்டிலிருந்து வருபவர்கள் வழி கேட்டு வருகிறார்கள், நம் பிள்ளைகளை யாரும் அழைத்துப்போவதில்லை. பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்துச் செல்ல வேண்டும் என்று எங்கே கூட்டம் நடந்தாலும் சொல்லி வருகிறேன்.


வில்லியனூர் மாணவி:

வணக்கம். நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். இழை முழுவதையும் படித்துவிட்டேன். நாட்குறிப்பைப் படிக்க ஆசை, ஆனால் தொகுதிகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. பழைய தமிழும் கடினமாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?


முத்தியால்பேட்டைக்காரன்:

அம்மா, வரிசையாகத் தொடங்க வேண்டாம். அதற்கு முன் அந்த நூல் நம் கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1846இல் கல்வா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் ரங்கப் பிள்ளையின் வழிவந்தவர்கள் வீட்டில் இந்தக் கையெழுத்துக் கட்டுகளைக் கண்டு படியெடுத்தார். பிறகு சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில் எழுதப்பட்டது தமிழில் அச்சாக அதற்குப் பிறகும் காத்திருக்க நேர்ந்தது. நடுநடுவே சில காலத்துக் குறிப்புகள் கிடைக்கவில்லை, ஆகவே கதை திடீரென்று அறுந்தால் திகைக்காதீர்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். பேசுவதுபோல எழுதியவர். முசே, மதாம், கும்பினி, வராகன், நசர் போன்ற இருபது முப்பது சொற்கள் பழகிவிட்டால் வேகமாகப் போகலாம். தேதியைத் தமிழ் ஆண்டிலும் மாதத்திலும் கொடுத்து, ஆங்கிலத் தேதியையும் சேர்த்துக் கொடுப்பார். வாய்விட்டுப் படியுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் 1746 பிப்ரவரியிலிருந்து அந்த ஆண்டு முடியும்வரை படியுங்கள். கனகராய முதலியின் சாவு, பதவிப் போட்டி, சென்னையைப் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபூர்தொனே பிடித்தது, அதன் பங்கு யாருக்கு என்று அவரும் துய்ப்ளேக்சும் மோதியது, எல்லாம் அந்த ஓராண்டுக்குள். அடுத்து 1748 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம்.


நெசவுத்தெரு மகள்:

தங்கச்சி, அவர் சொன்னதோடு 1743ஐயும் சேர்த்துப் படி. படித்துவிட்டு இங்கே வந்து எழுது. நெசவாளர்கள் எந்தெந்த நாளில், எதற்காக அவர் வீட்டுக்கு வந்தார்கள் என்று ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போ. நான் 1736இலிருந்து தொடங்கியிருக்கிறேன், நீ 1746இலிருந்து எடுத்துக்கொள்.


வில்லியனூர் மாணவி:

சரி அக்கா. முதல் தொகுப்பு அரசு நூலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை போகிறேன்.